ஒங்கோல் கிளஃப்பும் தோல் வியாபாரி பேரய்யாவும்

பழநி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று மலையடிவாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும், அருந்ததியர் தெருவில் வீட்டுக்குள் பேசும் மொழி தெலுங்காக இருப்பதைக் காணலாம். நாயக்கர் காலத்தில் வடக்கே இருந்து வந்தவர்கள் என்பார் சிலர். பூர்வகுடிகள்தான், மொழி மட்டும் பின்னால் ஒட்டிக்கொண்டது என்பார் வேறு சிலர். அந்த வழக்கு இருக்கட்டும். தெலுங்கு நாட்டில் இதே தோல் தொழிலைச் செய்தவர்கள் மாதிகாக்கள். தமிழ்நாடு அரசு 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தபோது பட்டியலிட்ட ஏழு சாதிப் பெயர்களில் மாதிகாவும் ஒன்று. ஆகவே அவர்களின் கதை நமக்குத் தூரத்துக் கதை அல்ல.

அந்த மாதிகாக்களின் ஊர்களில் இன்றும் ஒரு வெள்ளைக்காரரின் பெயர் அடிபடுகிறது. ஜான் எவரெட் கிளஃப். நெல்லூர், ஒங்கோல் கடற்கரைச் சீமையில் அமெரிக்க பாப்டிஸ்ட் சபையை வளர்த்தவர். 1878-ல் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்ற கதையால் உலகம் முழுக்கப் பேசப்பட்டவர். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றி மதம் மாற்றினார்கள் என்ற ஏச்சும் அந்த ஒரு நாளை வைத்தே கிளம்பியது. நம் பக்கத்துச் சேரிகளில் சிலுவை நட்ட தெருக்களைப் பார்த்தும் அதே ஏச்சு இன்றுவரை வீசப்படுகிறது. கிளஃப்பின் வாழ்க்கையை ஒருமுறை நிதானமாகப் படித்தால் அந்த ஏச்சு எவ்வளவு தூரம் நிற்கும் என்று தெரிந்துவிடும். அவருடைய புகழின் நிழலில் மறைந்துபோன தோல் வியாபாரி ஒருவரையும் பார்க்கலாம்.

கிளஃப் 1836-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து மேற்குக் கோடியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பம் பிழைப்புத் தேடி மேற்கே நகர்ந்துகொண்டே இருந்தது. வாலிப வயதில் மின்னசோட்டா காடுகளில் அரசாங்க நில அளவையில் வேலை பார்த்தார். சங்கிலி பிடித்து நிலம் அளக்கவும், கூலியாட்களை வைத்து வேலை வாங்கவும் அங்கே கற்றுக்கொண்டார். வக்கீலாக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அயோவாவில் படிக்கும்போது மனம் மாறி பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். மனைவி ஹாரியட்டோடு 1864 நவம்பர் கடைசியில் பாஸ்டனில் கப்பல் ஏறினார். அப்போது அமெரிக்காவில் அடிமை முறையை முன்வைத்து உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. நாலு மாதத்துக்கு மேல் கடலில் கழித்து, 1865 ஏப்ரலில் சென்னையில் இறங்கினார்.

அவர் சேர்ந்த நெல்லூர் மிஷன், மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் திரும்பத் திரும்ப விவாதிக்கப்பட்ட மிஷன். சாமுவேல் டே 1840-ல் நெல்லூரில் குடியேறி, 1844-ல் சபையை அமைத்தார். அதன்பின் இருபது ஆண்டு உழைத்தும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள் சேர்ந்தார்கள். வரைபடத்தில் ஒற்றைப் புள்ளியாக நின்றதால் தனி நட்சத்திரம் என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டு. லைமன் ஜூவெட் என்ற பாதிரியாரின் பிடிவாதம்தான் அதை மூடவிடாமல் காத்தது. கிளஃப்பைக் கூட்டிக்கொண்டு வந்தவரும் அவரே.

இங்கேதான் எர்ரகுண்ட்ல பேரய்யா வருகிறார். ஒங்கோலுக்கு மேற்கே சுமார் நாற்பது மைல் தள்ளி இருக்கும் தல்லகொண்டபாடு கிராமத்து மாதிகா. தோல் வாங்கி விற்பவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்; ஆனால் ஞான விசாரத்தில் தேர்ந்தவர். பழநி மலைக்காரர்களுக்குச் சித்தர் மரபு புதிதல்ல. தெலுங்கு நாட்டிலும் அப்படி ஒரு மரபு சேரிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போத்துலூரி வீரப்பிரம்மத்தின் சீடர்களில் கக்கய்யா என்ற மாதிகாவும் இருந்ததாக அங்கே கதை சொல்வார்கள். சிலையும் வேண்டாம், பலியும் வேண்டாம், உள்ளே இருப்பது ஒன்றே என்று பேசிய ராஜயோகக் குருமார்கள் சாதி பார்க்காமல் சீடர்களைச் சேர்த்தார்கள். பேரய்யாவின் குரு வீரம்மா என்ற பெண். அவரிடம் யோகம் கற்ற பேரய்யா பிறகு தாமே குருவானார். அக்கம்பக்கத்து மாதிகாக்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள்.

தோல் வாங்க வடக்கே எலூரு பக்கம் போனபோது அங்கிருந்த ஆங்கிலப் பாதிரியார் ஒருவர் மூலம் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டார். தாம் தேடிக்கொண்டிருந்த ஒன்று கிடைத்ததாக உணர்ந்து, ஒங்கோலுக்குத் தானாகவே வந்து 1866-ல் மனைவியோடு ஞானஸ்நானம் பெற்றார். அவரை யாரும் போய்ப் பிடித்து இழுத்து வரவில்லை. அந்த ஆண்டு எந்தப் பஞ்சக் கஞ்சியும் அவரைக் கூப்பிடவில்லை. திரும்பிப் போன பேரய்யா, யோகம் சொல்லிக்கொடுத்த அதே சேரிகளில் அதே ஆட்களிடம் புதிய செய்தியைச் சொன்னார். கிளஃப் தெலுங்கே சரியாகப் பேசத் தொடங்காத காலம் அது.

1866 செப்டம்பரில் கிளஃப் குடும்பம் நெல்லூரை விட்டு ஒங்கோலுக்கு வந்துவிட்டது. 1867 ஜனவரி முதல் தேதி எட்டே பேரோடு ஒங்கோல் சபை தொடங்கியது. அதே மாதம் பேரய்யாவின் அழைப்பில் கிளஃப் தல்லகொண்டபாடு போனார். ஒரு புளியந்தோப்பில் கூடாரம். சுற்றுக் கிராமங்களிலிருந்து மாதிகாக்கள் படுக்கை மூட்டையும் சாப்பாட்டுக்குத் தானியமும் சுமந்துகொண்டு வந்து, நாலைந்து நாள் அங்கேயே தங்கிக் கேட்டார்கள். தங்கள் சோற்றைத் தாங்களே கொண்டுவந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முடிவில் 28 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

சிக்கல் ஒங்கோலில் காத்திருந்தது. அங்கே கிளஃப் நடத்திய பள்ளிக்கு ஊரின் பிராமணரும் மற்ற உயர்சாதியினரும் பிள்ளைகளை அனுப்பிவந்தார்கள். அவர்களில் சிலர் அவருடைய போதனைக்கும் நெருக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். மாதிகாக்களைச் சபையில் சேர்த்த செய்தி வந்ததும் அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தோல் தொழிலாளிகள் உள்ளே வந்தால் நாங்கள் வரமாட்டோம். கிளஃப் ஆடிப்போனார். மேலிருப்பவர்களைப் பிடித்தால் கீழிருப்பவர்கள் தானாக வருவார்கள் என்பதுதான் அன்றைய மிஷன்களில் பலருடைய கணக்கு. அந்தக் கணக்கை அவரும் முழுக்க விட்டிருக்கவில்லை.

அந்த இரவைப் பற்றி கிளஃப் குடும்பம் பிறகு சொன்னது இது. அவர் தம் அறையில் குழம்பிப்போய் ஒரு வேதாகமத்தை எடுத்துப் பிரித்தார். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரம் கண்ணில் பட்டது. உலகம் இழிவாக ஒதுக்கியவர்களைக் கடவுள் தெரிந்துகொண்டார் என்று பேசும் பகுதி அது. வேறு அறையில் இருந்த ஹாரியட்டும், கணவருக்குத் தெரியாமலேயே, அதே பகுதியை வாசித்துக்கொண்டிருந்தார். இருவரும் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்கள். இதை அற்புதம் என்று நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். மறுநாள் நடந்தது மட்டும் கணக்கில் வரும். மாதிகாக்களை விலக்க முடியாது என்று கிளஃப் சொல்லிவிட்டார். உயர்சாதிப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போனார்கள்.

கொடைக்கானல்காரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 1845-ல் நம் மலையில் முதல் பங்களாக்களைக் கட்டிக் குடியேறிய மதுரை அமெரிக்க மிஷன்காரர்களுக்கும் இதே கேள்வி வந்தது. 1847-ல், சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை என்று அவர்கள் தீர்மானம் போட்டார்கள். உபதேசியார்கள் பலர் அதனால் வெளியேறினார்கள். மதுரைக்காரர்கள் சாதியோடு உள்ளே வந்துவிட்டவர்களிடம் பிறகு சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. கிளஃப்போ வாசலிலேயே முடிவெடுத்தார்.

சபையில் சேர வந்த மாதிகாக்களுக்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது. செத்த மாட்டின் இறைச்சியைத் தின்னக்கூடாது. சிலைகளை வணங்கக்கூடாது. கேட்பதற்கு மூன்றும் கோயில் காரியம் போலத் தெரியும். கிராமத்துக்குள் வைத்துப் பார்த்தால் அதன் எடை வேறு.

மாதிகா ஊருக்குக் கட்டுப்பட்டவர். செத்த மாடு அவருக்கு. அதன் தோலை உரித்து, பதப்படுத்தி, செருப்பாகவும் கமலைச் சாலாகவும் வாராகவும் ஆக்கிக் குடியானவருக்குக் கொடுக்க வேண்டும். அறுவடையில் அவருக்குச் சில மரக்கால் தானியம் விழும். நம் பக்கத்தில் பம்புசெட்டு வருவதற்கு முன்பு கமலை இறைத்த தாத்தாக்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. திருவிழாவிலும் சாவிலும் பறை அடிப்பது, நுகத்தடி கட்டும் நாளில் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது, அதிகாரி வந்தால் மூட்டை சுமப்பது எல்லாம் அதில் அடக்கம். ஏழு நாளும் ஆண்டையின் நாள். அப்படிப்பட்டவர் ஒருநாள் வரமாட்டேன் என்றார். தலைமுறை தலைமுறையாக நாள் ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத மனிதர் வாரத்தில் ஒரு நாளைத் தன்னுடையது என்றார். மாரியம்மன் கொடைக்குப் பறை அடிக்கமாட்டேன் என்றார். ரெட்டிகளுக்கும் கரணங்களுக்கும் இது புது மதமாகத் தெரியவில்லை, வேலைநிறுத்தமாகத்தான் தெரிந்தது.

பதிலடி உடனே வந்தது. கிணறு மூடப்பட்டது. கடைத்தெருவில் உப்பும் தானியமும் மறுக்கப்பட்டன. மாட்டுக்கு விஷம் வைத்தான், திருடினான் என்று வழக்குகள் போடப்பட்டன. சிலர் சிறைக்குப் போனார்கள். கிளஃப் ஒவ்வொரு ஊராகக் குதிரையில் போய்க் கரணத்தைப் பார்த்தார், தாசில்தாரைப் பார்த்தார், முடியாதபோது ஆங்கில அதிகாரியிடம் போனார். வக்கீலாக ஆசைப்பட்டவர் கடைசியில் மாதிகாக்களுக்குக் காசு வாங்காத வக்கீலானார். நம் கணிப்பில் அவருடைய ஊழியத்தின் சாரம் பிரசங்கத்தைவிட இந்த அலைச்சலில்தான் அதிகம் இருக்கிறது. மாதிகாவுக்காகப் பேச வெளியிலிருந்து ஒரு மனிதர் வருவார் என்பதே அந்தக் கிராமங்களுக்குப் புதிய சேதி.

பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876-ல் மழை பொய்த்து, 1878 வரை சென்னை மாகாணமே சுடுகாடாகக் கிடந்த பஞ்சம். தமிழ்நாட்டில் அது கும்மிப் பாட்டாகவே நினைவில் நிற்கிறது. அரசாங்கம் நிவாரண வேலைகளைத் திறந்தது. ஆனால் வெயிலில் மண் சுமந்தவருக்கு 1877-ல் நிர்ணயித்த தினக்கூலி ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மேஸ்திரிகள் சாதி பார்த்தார்கள். மாதிகாவுக்குக் கூலி கடைசியில்தான் வரும், சிலநேரம் வராது.

சென்னைவாசிகள் சாக்கடையாகப் பார்க்கும் பக்கிங்ஹாம் கால்வாயை அப்போது வடக்கே நீட்டிக்கொண்டிருந்தார்கள். கிளஃப் அதில் மூன்றரை மைல் நீளத்துக்கான வேலையைத் தாமே காண்டிராக்ட் எடுத்தார். பாதிரியார் காண்டிராக்டர் ஆவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. மின்னசோட்டாவில் பிடித்த அளவைச் சங்கிலி இங்கே உதவியது. முகாம் போட்டு, குடிசைகள் எழுப்பி, கிணறு தோண்டி, தம்முடைய மாதிகா உபதேசியார்களையே ஒவ்வொரு கூட்டத்துக்கும் மேஸ்திரியாக வைத்தார். கூலி ஒழுங்காகக் கிடைக்கிறது, யாரும் அடிப்பதில்லை என்ற சேதி பரவியது. எலும்பும் தோலுமாக நூறு மைல் நடந்து வந்தவர்கள்கூட உண்டு. ஒரு நேரத்தில் மூவாயிரம் பேர்வரை மண் வெட்டினார்கள். மாதிகா, மாலா, சூத்திரர் எல்லாரும் மாதிகா மேஸ்திரிகளின் கீழ் வேலை செய்தார்கள். வேலை ஓயும் நேரத்தில் மேஸ்திரிகள் உபதேசியார்களாக மாறிக் கதை சொன்னார்கள்.

ஏச்சுக்குப் பதில் இங்கே இருக்கிறது. பஞ்ச வேலை நடந்த காலம் முழுக்க, சுமார் பதினைந்து மாதம், கிளஃப் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கூலி கொடுக்கிற கையே தண்ணீரில் முழுக்காட்டவும் செய்தால் உலகம் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1878 ஜூனில் நிவாரணக் காசு தீர்ந்துவிட்டது, இனி உதவி இல்லை என்று அறிவித்தார். ஒங்கோலில் காலரா பரவியிருந்ததால், வடக்கே பத்து மைல் தள்ளி குண்டலகம்மா ஆற்றங்கரையில் வெல்லம்பல்லியில் உபதேசியார்களை மட்டும் கூடச் சொன்னார். ஆனால் ஜனங்கள் திரண்டு வந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போங்கள், கொடுக்க ஒன்றுமில்லை என்று அவர் கூட்டத்திடம் சொன்னார். அவர்கள் தங்கள் உள்ளங்கைகளைக் காட்டினார்கள். கால்வாய் வெட்டிக் காய்த்த கைகள். உழைத்துத்தான் தின்றோம், இனியும் உங்களிடம் கையேந்த மாட்டோம், எங்களைச் சபையில் சேருங்கள் என்பதே அந்தக் கைகளின் பொருள்.

பாப்டிஸ்ட் முறையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. விவரம் தெரிந்தவர் தாமே கேட்டு, முழுக்க நீரில் மூழ்கி எழ வேண்டும். ஒவ்வொரு ஊர் ஆட்களையும் அந்த ஊர் உபதேசியாரும் பெரியவர்களும் சாட்சி சொல்லி அனுப்பினார்கள். ஜூலை 2-ல் 614 பேர், 3-ல் 2,222 பேர், 4-ல் 700 பேர். மூன்று நாளில் 3,536. கிளஃப் ஆற்றில் இறங்கவே இல்லை. குருப்பட்டம் பெற்ற ஆறு இந்திய உபதேசியார்கள் இருவர் இருவராக முறைபோட்டு நின்று அத்தனை பேரையும் முழுக்காட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. எட்டுப் பேரோடு தொடங்கிய ஒங்கோல் சபை, உலகிலேயே பெரிய பாப்டிஸ்ட் சபை என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் பேசப்பட்டது.

இதிலும் கேள்விகள் உண்டு. கத்தோலிக்கக் குருமார்களும் அதே சேரிகளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தாம் தாமதித்தால் அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள் என்ற அவசரம் கிளஃப்புக்கு இருந்தது. பஞ்சத்தின் கடைசி மாதங்களில் நடந்த முடிவு பசியிலிருந்து முழுக்க விலகி நின்றது என்றும் யாரும் சத்தியம் செய்ய முடியாது. இன்னொன்று பெரியது. மாதிகாக்கள் பாப்டிஸ்ட் சபைக்கு வந்தார்கள். பக்கத்துச் சேரி மாலாக்கள் பெரும்பாலும் லுத்தரன் போன்ற வேறு சபைகளுக்குப் போனார்கள். இரண்டு சேரிகளுக்கு நடுவே இருந்த கோடு, இரண்டு கோயில்களுக்கு நடுவே இருக்கும் கோடாக அப்படியே நின்றது. சேரியின் உறவுகளை வைத்தே சபையை வளர்த்த கிளஃப்பின் முறைக்கு அது கொடுத்த விலை. அந்த முறையில்லாமல் இயக்கமே எழும்பியிருக்காது என்பதும் உண்மை.

ஹாரியட் 1893-ல் இறந்தார். மறுவருடம் கிளஃப் மணந்த எம்மா ரவுஷன்புஷ் சாதாரணப்பட்டவர் அல்ல. பெண்ணுரிமைக்கு நூல் எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்டைப் பற்றி சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். மாதிகா முதியவர்களிடம் உட்கார்ந்து அவர்களுடைய கதைகளைக் கேட்டு 1899-ல் ஒரு புத்தகமாகப் போட்டார். வசிட்டரின் மனைவி அருந்ததி தங்கள் குலத்துப் பெண் என்பது மாதிகாக்களின் வழிவழிக் கதை. நம் பக்கத்து அருந்ததியர் என்ற பெயருக்குப் பின்னால் நிற்பதும் அந்தக் கதையே. பேரய்யாவின் யோக வாழ்க்கை நமக்கு இவ்வளவு தெரிவதற்கும் எம்மாவின் எழுத்தே காரணம்.

கிளஃப் 1910 நவம்பரில் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் இறந்தார். அவருடைய வரலாற்றை எம்மா 1914-ல் வெளியிட்டார். ஒங்கோலில் அவர் பெயரில் மருத்துவமனை உண்டு.

ஒங்கோல் இப்போது பிரகாசம் மாவட்டத்தின் தலைநகரம். 1985 ஜூலையில், அப்போது அந்த மாவட்டத்தில் இருந்த காரம்சேடு கிராமத்தில், குடிநீர்க் குளத்தை அசுத்தம் செய்ததைத் தட்டிக்கேட்டதில் தொடங்கிய தகராறில் மாதிகாக்கள் ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆந்திர தலித் இயக்கம் அங்கிருந்துதான் எழுந்தது. 1994-ல் மாதிகா உள் ஒதுக்கீட்டுக்கான தண்டோரா இயக்கம் தொடங்கிய ஈதுமூடி கிராமமும் அதே மாவட்டம்தான். அந்தப் போராட்டத்துக்கு முப்பது ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. தமிழ்நாட்டின் 3 சதவீதமும் அந்தத் தீர்ப்பால் உறுதிப்பட்டது.

ஆனால் கால்வாய் வெட்டிய கைகளின் பேரப்பிள்ளைகளுக்கு அது இல்லை. 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது; கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் திறக்கவில்லை. ஆந்திரத்தில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சி பிரிவு, 1 சதவீதம். நம் மாவட்டத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறிய அருந்ததியர் வீட்டுப் பிள்ளை தாலுகா அலுவலகத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டால் பி.சி. என்று எழுதிக் கொடுக்கிறார்கள். தெருவில் அவர் யார் என்பதை ஊர் வேறு விதமாக எழுதி வைத்திருக்கிறது.